மத்தி கிலோ பத்து ஆள்

"மத்தி கிலோ எவ்வளவு?"

"இருநூறு."

பவித்ரன் கண்ணை மூடிக்கொள்கிறார். உதடுகள் மட்டும் அசைகின்றன. "பத்து ஆள்," என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் திறக்கிறார். "அயிலை?"

"இருநூத்தி எண்பது."

"பதினாலு ஆள். ஐக்கூறை என்ன விலைன்னு நான் கேக்கவே மாட்டேன். அதைக் கேட்டா பஸ்ஸுல பாதி சீட்டு காலியாயிடும்."

மீன்காரன் ஹம்ஸா ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்புகிறான். "மூணு மாசமா தினம் காலையில நீங்க மீனைப் பாக்குறீங்க, மீனும் உங்களைப் பாக்குது, பவியேட்டா. சம்பந்தம் மட்டும் முடியல. முடிவு பண்ணின அன்னிக்குக் கூப்பிடுங்க, வரேன்."

பவித்ரன் குற்றியாடி - வடகரை பஸ்ஸில் கண்டக்டர். புறமேரியில் ஏறி வடகரையில் இறங்குகிறவர் தருவது இருபது ரூபாய். அவருடைய ராஜ்யத்தில் செல்லுபடியாகும் ஒரே நாணயம் அதுதான்; அதற்குப் பெயர் 'ஆள்'. கேஸ் சிலிண்டர் என்றால் ஒரு பஸ் நிறைய ஆள். மகள் நந்தனாவின் டியூஷன் என்றால் ஒரு கல்யாணக் கூட்டம். போன மாதம் மனைவி ரீஜா ஒரு நைட்டி வேண்டும் என்றபோது, "பதினேழு ஆளா? அதுல அஞ்சாறு பேரை ஸ்டூடண்ட் கன்செஷன்ல போட முடியுமான்னு கடைக்காரன்கிட்ட கேளு," என்றார். ரீஜா கேட்கவில்லை. பழைய நைட்டியிலேயே இன்னொரு தையல் போட்டுக்கொண்டு, அதைத் தைக்கும்போது ஊசியால் யாரைக் குத்துவதாக நினைத்துக்கொண்டாள் என்பதையும் சொல்லிவிட்டாள்.

பிறவியிலேயே இப்படி என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர்கள் புறமேரியில் பலர் உண்டு. பவித்ரனோ காக்கைக்கும் சேர்த்து இலை போட்டவர். கணாரேட்டனின் சாயாக் கடையில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் யார் உட்கார்ந்தாலும் அவர்கள் சாயாவுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. எதிர்ப் பெஞ்சுக்காரர்கள் அவர் வருவதைப் பார்த்தால் இடம் மாறி உட்காருவார்கள். அவருக்கும் அது தெரியும். தெரிந்தும், "எல்லாருக்கும் ஒண்ணு கூட ஊத்துங்க," என்பார். அந்த நாட்களில் அவரிடம் பணம் இருந்ததா என்று கேட்டால், அப்போதும் இல்லை.

பிறகு வீடு கட்டினார். யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். பவித்ரனின் வீடு உட்கார்ந்த இடத்தில் பந்தி பந்தியாகத் தின்றது. சுவர் எழும்பி, மேலே கம்பி கட்டி, தளம் போட வேண்டிய வாரத்தில் கையில் இருந்தது தீர்ந்துபோனது. மழைக்காலம் வேறு வாசலில் நின்றது. அப்போதுதான் தங்கை லசிதா ஓர்க்காட்டேரியிலிருந்து வந்தாள். கம்பிகளை அண்ணாந்து பார்த்தாள். கையில் கிடந்த எட்டுப் பவுன் வளையல்களைக் கழற்றி ஒரு கைக்குட்டையில் முடிந்து அண்ணன் சட்டைப்பையில் திணித்தாள்.

"பேங்க்ல வச்சுத் தளத்தைப் போடுங்க ஏட்டா. இவர் அடுத்த லீவுக்கு வர்றதுக்குள்ள எடுத்துக் குடுத்துடணும். தெரிஞ்சா நான் அந்த வீட்டுல தலை நிமிர்ந்து நடக்க முடியாது."

இவர் என்பது உத்தமன். பஹ்ரைனில் ஒரு பெரிய கடையில் சரக்கறைப் பொறுப்பு. அந்த வளையல்கள் ஒவ்வொன்றும் அவர் ஒவ்வொரு லீவுக்கும் வாங்கி வந்தவை. எந்தச் சாமானையும் கையில் எடுக்காமலே எடை சொல்லிவிடுவார், தொழில் அப்படி. அன்று முதல் லசிதா கவரிங் வளையல் போட்டுக்கொண்டாள். வீடியோவில் கணவரோடு பேசும்போது கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொள்வாள். "முன்னெல்லாம் கையை வீசி வீசிப் பேசுவியே, இப்ப என்ன பொம்மை மாதிரி இருக்க?" என்று அவர் ஒருமுறை கேட்டதற்கு, "வயசாகுதுல்ல, அடக்கம் வந்துடுச்சு," என்று சொல்லிச் சமாளித்தாள்.

வளையல்கள் வடகரை பேங்க் பெட்டகத்தில் உறங்க, வட்டி மட்டும் உறங்காமல் வளர்ந்தது. இதற்கிடையே லசிதாவின் மகளுக்கு வரன் அமைந்தது. நிச்சயத்துக்கு நாள் குறித்தார்கள். உத்தமன் அதற்கு முதல் நாள் வந்து இறங்குகிறார் என்று தகவல் வந்த ராத்திரி, பவித்ரன் சாப்பிடாமல் படுத்தார். காலையில் எழுந்ததும் வாசல் பூமுகத்து விளக்கைக் கழற்றினார். சிக்கனம் அங்கிருந்து ஆரம்பமானது. அன்று சாயங்காலமே வந்த சொந்தக்காரர் ஒருவர் புதுத் தூணில் முட்டிக்கொண்டு நெற்றி வீங்கிப் போனார்.

பத்திரிகை நின்றது. சவரக்கடைக்குப் போய்ப் படிக்கிறார். "முடி வளர்றதுக்குள்ள பத்து தடவை வந்துடுறீங்க," என்கிறார் கடைக்காரர். மிக்ஸி அலமாரிக்குப் போனது, அம்மி இறங்கியது. "அம்மிக்குக் கரண்ட் பில் வராது," என்றார் பவித்ரன். "எனக்குத் தோள்ல வரும்," என்றாள் ரீஜா. மீன் நின்றதும் வீட்டுப் பூனை இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தது. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு ஜானகியம்மாவிடம் குடிபோய்விட்டது. ஊருக்கு நம் வீட்டு நிலவரம் தெரிந்ததே அந்தப் பூனையால்தான் என்று ரீஜாவுக்கு இன்னும் அதன்மேல் கோபம்.

கொல்லையில் ஒரு பப்பாளி மரம் இருந்தது, இருந்ததுதான் வினை. பப்பாளித் தோரன், பப்பாளி எரிசேரி, பப்பாளி மோர்க்கறி என்று வாரம் நகர்ந்தது. ஒரு நாள் குடம்புளி போட்டு, மிளகாய் அரைத்து, தேங்காயெண்ணெயில் வெங்காயம் தாளித்து, மீன் இல்லாத மீன்குழம்பு ஒன்றைப் பவித்ரனே வைத்தார். மிதந்தது பப்பாளி.

"கண்ணை மூடிக்கிட்டுச் சாப்பிடு மோளே. மணத்துக்கு மத்தி மாதிரியே இருக்கும்."

நந்தனா கண்ணை மூடி ஒரு வாய் வைத்தாள். "அப்பா, கண்ணை மூடினாலும் பப்பாளிதான் தெரியுது."

இப்படி மிச்சம் பிடித்த காசெல்லாம் நேராக பேங்குக்குப் போயிருந்தால் ரீஜா பொறுத்திருப்பாள். அது போன இடம் வேறு. பவித்ரன் ஒரு பயற்று வைக்கத் தீர்மானித்திருந்தார். எங்கள் பக்கத்தில் பணமுடை வந்தவன் யாரிடமும் கையேந்துவதில்லை. நாள் குறித்து, சாயாக் கடையில் ஊரை அழைத்து, சாயாவும் பலகாரமும் கொடுப்பான். வருகிறவர்கள் மேசையில் பணம் வைத்துப் பேர் எழுதிவிட்டுப் போவார்கள். நாளைக்கு அவர்கள் பயற்று வைக்கும்போது இவன் போய் அதற்குமேல் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும். வைக்காதவன் உயிரோடு இருந்தாலும் ஊர்க் கணக்கில் இல்லாதவன். பவித்ரன் பழைய பயற்றில் வாங்கியது நாற்பது பேருக்குப் பாக்கி இருந்தது. அதையெல்லாம் தீர்க்காமல் புதிதாக ஒன்று வைத்தால் கணாரேட்டனின் ஈக்கள்கூட வராது. ஆகையால் ஞாயிறுதோறும் மூன்று நான்கு பேருடைய பயற்றுக்குப் போய், வீட்டில் மிச்சம் பிடித்ததை வைத்துவிட்டு வந்தார். போன இடத்தில் தரும் பலகாரத்தை வயிறாரச் சாப்பிட்டு, ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்று அதிலும் இரண்டு ஆள் மிச்சம் பிடித்தார்.

"ஒரு கடனை அடைக்க நாப்பது பேருகிட்ட கடனா?" என்று ரீஜா ஒரு நாள் அம்மியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"கடன்னு சொல்லாத. அது பழக்கம்."

"அப்ப பேங்க்ல இருக்கறது?"

"அதுதான் கடன்."

"பேங்க்காரனோடயும் கொஞ்சம் பழகி வச்சிருக்கலாமே."

பவித்ரன் வெளியே போய்ப் பப்பாளி மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பயற்றுக்கு அழைப்புக் கடிதம் அச்சடிப்பது வழக்கம். அச்சகத்தில் விலை கேட்டார், நூற்றிருபது ஆள். திரும்பிவிட்டார். கடிதம் எதற்கு, பஸ் இருக்கிறதே. சீட்டுக் கிழிக்கும்போதே அழைத்தார். "வடகரை ஒண்ணு, மீதி பத்து, ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குக் கணாரேட்டன் கடையில நம்ம பயற்று, உள்ள தள்ளி நில்லுங்க." அந்த அழைப்பு தனக்கா, பின்னால் நிற்கிறவருக்கா, உள்ளே தள்ளி நிற்கச் சொன்னது பஸ்ஸிலா கடையிலா என்று யாருக்கும் புரியவில்லை. மரியாதைக்கு எல்லாரும் தலையாட்டினார்கள். யாரை அழைத்தோம், யாரை விட்டோம் என்று பவித்ரனுக்கும் நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வெள்ளை வேட்டியும் கழுத்துப்பட்டையைத் திருப்பித் தைத்த சட்டையுமாகப் பவித்ரன் மதியமே கடைக்குப் போய்விட்டார். வாசலில் நின்று வரவேற்க வேண்டியவர், அடுப்படியில் போய் நின்றார். பழம்பொரிக்கு நேந்திரம்பழம் நறுக்கும் கத்தியைக் கணாரேட்டனின் கையிலிருந்து வாங்கித் தானே நறுக்கினார். ஒரு பழத்தில் நான்கு வர வேண்டியது எட்டு வந்தது. எட்டில் திருப்தியில்லாமல் இன்னொரு பழத்தில் பத்து வரவழைத்தார்.

"பவித்ரா, இது பழம்பொரியா, இல்ல பழத்தோட போட்டோவா?" என்றார் கணாரேட்டன். நாற்பது வருஷமாகச் சாயாக் கடை நடத்துகிறவர். அவர் எண்ணெய்ச் சட்டிக்கு இப்படி ஒரு அவமானம் வந்ததில்லை.

"மாவு கொஞ்சம் கெட்டியாப் போட்டா தெரியாது."

"மாவு யாரு வீட்டுது?"

அதையும் யோசித்து, மாவில் இன்னொரு செம்புத் தண்ணீர் ஊற்றினார் பவித்ரன்.

நாலு மணிக்குக் கூட்டம் நெரிந்தது. பயற்றுப் பழக்கம் உள்ளவர்கள் வந்தார்கள். சும்மா தலையாட்டியவர்கள் வந்தார்கள். சீட்டு வாங்காமல் ஒருமுறை மாட்டிக்கொண்ட பையன்கூட வந்து ஐம்பது ரூபாய் வைத்துவிட்டுப் போனான். வீட்டுக்குத் தளம் போட்ட வங்காளத்துக் கொத்தனார்கள் இரண்டு பேர், 'கணாரேட்டன் கடை, நாலு மணி' என்பது மட்டும் புரிந்து வந்து, மற்றவர்களைப் பார்த்து ஆளுக்கு நூறு வைத்து, பேரும் ஊரும் சொல்லி எழுதச் செய்து, பழம்பொரியை ஆச்சரியமாகத் திருப்பிப் பார்த்துச் சாப்பிட்டார்கள். சமையலுக்கு உதவ வந்திருந்த ரீஜா ஜன்னல் வழியாகக் கணவரைக் கூப்பிட்டாள்.

"திருப்பி வைக்க முர்ஷிதாபாத் போகணுமே, அதுக்கு எத்தனை ஆள்?"

பவித்ரன் கண்ணை மூடப் போனார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அப்போது கொப்பரை வியாபாரி மூஸக்கா வந்தார். எழுபது வயது, கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். நேராக மேசைக்குப் போகாமல் பெஞ்சில் உட்கார்ந்து, சாயாவை வாங்கி, பழம்பொரியை இரண்டு விரலால் எடுத்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அதற்குள்ளே பார்த்தார்.

"மாஷா அல்லா! நாதாபுரம் பள்ளிவாசல் மினாரம் தெரியுது!"

கடையே சிரித்தது. பெஞ்சில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பழம்பொரியைத் தூக்கிப் பிடித்தார்கள். "எனக்கு ரயில்வே ஸ்டேஷன் தெரியுது." "எனக்குக் கடல் தெரியுது, கப்பல் வருது." பவித்ரனும் சிரிக்க முயன்றார். அவர் சிரிப்பு பழம்பொரியைவிட மெலிந்திருந்தது.

மூஸக்கா மட்டும் திடீரென்று நிறுத்திவிட்டார். பலகாரத்தைத் தட்டில் வைத்தார். பவித்ரனைப் பார்த்தார். திருப்பித் தைத்த கழுத்துப்பட்டையைப் பார்த்தார். எதிர்ப் பெஞ்சுக்காரனுக்கும் சாயா சொன்ன பவித்ரன் கையிலிருந்து இப்படி ஒரு துண்டு வருகிறது என்றால், அது கஞ்சத்தனம் இல்லை என்று அந்தக் கிழவருக்கு ஒரு நொடியில் பட்டுவிட்டது. மெல்ல எழுந்து மேசைக்குப் போனார். ஒட்டிக் கொண்டுவந்திருந்த உறையைக் கிழித்து, இடுப்பு மடியிலிருந்து இன்னும் கொஞ்சம் எடுத்துச் சேர்த்து, எழுதச் சொன்னார். தொகையைக் கேட்டு எழுதுகிறவர் தலை நிமிர்ந்தார்.

பெஞ்சில் சிரிப்பு அடங்கியது. அதற்குப் பிறகு போனவர்கள் எல்லாரும் மேசைக்கு அருகில் ஒரு கணம் நின்று, உறையைத் திறந்து, மறுபடி மூடினார்கள். ஆயிரம் கொண்டுவந்தவர் இரண்டாயிரமாக எழுதினார். கணாரேட்டன் அடுப்பை விட்டு வந்து, கல்லாவிலிருந்து அள்ளி வைத்தார்.

பவித்ரன் வாசலுக்கு ஓடி மூஸக்காவை மறித்தார். "மூஸக்கா, இவ்வளவு வேண்டாம். நான் எப்பத் திருப்பி வைப்பேன்? எனக்கு ஆயுசு போதாது. பாதியை எடுத்துக்குங்க."

"எடோ, உன் பழம்பொரிக்கா இவ்வளவு வைப்பேன்? எனக்கென்ன பைத்தியமா?" மூஸக்கா செருப்பை மாட்டிக்கொண்டார். "கொப்பரை விலை விழுந்து நான் கிடந்த வருஷம், இந்தக் கடையில யாரு காசுல சாயா குடிச்சேன்னு நினைக்கிற? நீ மறந்துட்ட. குடிச்சவன் மறப்பானா?"

பவித்ரனுக்கு உண்மையிலேயே அது நினைவில் இல்லை. அடுப்படிக்குள் போய், மிச்சமிருந்த பழங்களை ஒன்றுக்கு இரண்டாகத் தடிமனாக வெட்டினார். அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. அவற்றைக் கொத்தனார்கள் இரண்டு பேரும் பொட்டலம் கட்டிக்கொண்டு போனார்கள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் எண்ணிப் பார்த்தார்கள். முதலும் வட்டியும் போகக் கொஞ்சம் மிச்சமும் இருந்தது. மறுநாள் காலை உத்தமனின் விமானம் கண்ணூரில் இறங்குகிறது. ரீஜா விடியற்காலையே ஓர்க்காட்டேரிக்குப் போய்விட்டாள், நிச்சய வேலைக்கு உதவ என்று பெயர். பவித்ரன் பேங்க் திறக்கும் முன்பே வாசலில் நின்றார். பணத்தைக் கட்டி, எட்டு வளையல்களையும் எண்ணி வாங்கி, சோற்றுப் பாத்திரத்துக்குள் வைத்து மூடி, அதைப் பையில் போட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். எதிரே ஆட்டோ நின்றது. ஓர்க்காட்டேரிக்கு எவ்வளவு என்று கேட்டார்.

"இருநூறு."

பத்து ஆள். மூன்று மாதப் பழக்கம் அவ்வளவு லேசில் விடுமா? கண்டக்டருக்குப் பஸ் இலவசம். பஸ்ஸில் ஏறினார். அந்தப் பஸ் ரயில்வே கேட்டில் போய் நின்றது. ஒரு சரக்கு ரயில் போனது. இன்னொன்று வருகிறது என்று கேட்டைத் திறக்கவில்லை. போன் அடித்தது.

"எங்க இருக்கீங்க?" ரீஜாவின் குரலில் பல்லைக் கடிப்பது கேட்டது. "ஏர்போர்ட்ல இருந்து டாக்ஸி கிளம்பி எவ்வளவோ நேரமாச்சு!"

"கேட்ல."

"ஆட்டோலயா?"

பவித்ரன் போனைத் துண்டித்தார். பையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கி, கேட்டுக்கு அடியில் குனிந்து புகுந்து, தண்டவாளத்தைத் தாண்டி ஓடினார். அவர் வாழ்நாளில் பஸ்ஸை விட்டு இப்படி ஓடியது அதுதான் முதல் தடவை. அந்தப் பக்கம் நின்ற ஆட்டோவில் விழுந்து, "எவ்வளவு வேணும்னாலும் கேளு, போ!" என்றார். ஓட்டுநர் சும்மா இருப்பாரா, முந்நூறு கேட்டார்.

லசிதா அடுக்களைப் பின்வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். கவரிங் வளையல்களை அவள் முன்பே கழற்றி அரிசிப் பானையில் போட்டிருந்தாள். பாத்திரத்தைத் திறந்தார்கள். முதல் வளையலை எடுத்துக் கையில் நுழைத்தாள். புறங்கை முட்டியில் அது நின்றுவிட்டது. தள்ளினாள். போகவில்லை. இரண்டு வருஷத்தில் கை தடித்திருந்தது. யாரும் அதை யோசிக்கவில்லை.

"ஏட்டா!" அவள் கண் நிரம்பிவிட்டது. "கழட்டித் தலைமாட்டுல வச்சிருந்தேன்னு சொன்னா நம்புவாரா? வந்ததும் முதல்ல கையத்தான் பாப்பார்."

"சோப்பு கொண்டா," என்றார் பவித்ரன்.

பாத்திரம் கழுவும் இடத்தில் தேய்ந்த சில்லு ஒன்று கிடந்தது. அதைத் தொட்டு, விரல்நுனியில் நுரை எடுத்து, தங்கையின் கையில் மருந்து தடவுகிற மாதிரி தடவினார். ரீஜா பொறுக்க மாட்டாமல் அலமாரியிலிருந்து புதுக் கட்டி ஒன்றை எடுத்து உறையைப் பல்லால் கிழித்தாள். "உங்க கையால இன்னிக்கு ஒரு நாளாவது நுரை வரட்டும்!" என்று அவர் உள்ளங்கையில் திணித்தாள்.

பவித்ரன் முழங்கைவரை தேய்த்தார். நுரை தரையில் விழுந்தது, வேட்டியில் விழுந்தது. தங்கையின் ஐந்து விரல்களையும் குவித்துப் பிடித்து, சின்ன வயதில் திருவிழாக் கடையில் கண்ணாடி வளையல் போட்டுவிட்ட மாதிரி, அழுத்தித் தள்ளினார். அவள் பல்லைக் கடித்தாள். ஒன்று போனது. வலது கைக்கு நான்கும் போயின. இடது கைக்கு வந்தார்கள். முன்வாசலில் டாக்ஸி வந்து நின்று கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"லசிதே! எங்க எல்லாரும்?" உத்தமனின் குரல்.

இன்னும் ஒன்றுதான். அது அசையவில்லை. "மூச்ச விடு மோளே, கையத் தளர விடு," என்றார் பவித்ரன். அவர் நெற்றி வியர்வை அவள் கையில் சொட்டியது. ரீஜா இரண்டு கையாலும் லசிதாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பவித்ரன் கட்டைவிரலால் முட்டியை அமுக்கி, ஒரே இழுப்பாக இழுத்தார். வளையல் வழுக்கிப் போய் மற்ற மூன்றோடு மோதிக் கலகலத்தது.

லசிதா அண்ணனின் சட்டையிலேயே கையைத் துடைத்தாள். கண்ணையும் அதிலேயே துடைத்தாள். போகலாமா என்று கேட்பவள்போல ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்து நின்றாள். பவித்ரன் கையை ஓங்கி, பஸ்ஸைக் கிளப்ப அதன் பக்கவாட்டில் அடிப்பதுபோல அடுக்களைக் கதவில் இரண்டு தட்டுத் தட்டினார்.